ஏழு வயதில் ஒருமுறை வாயைத் திறந்து காட்டட்டும்

“எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.” பிள்ளைக்குப் பல் கோணலாக முளைக்கிறதே என்று கவலைப்பட்டால் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் பதில் இது. கிளிப் போடுவதை மட்டும் வைத்துப் பேசினால் இந்தப் பதில் பெரும்பாலும் சரிதான். நிறையப் பிள்ளைகளுக்கு 11, 12 வயதுக்கு மேல்தான் கிளிப் போடுகிறார்கள். ஆனால் கிளிப் போடும் வயது வேறு, பல் வரிசையை மருத்துவரிடம் காட்டும் வயது வேறு. அமெரிக்காவின் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவருகிறது. 7க்கும் 12க்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து வருடத்தில், எளிதாகச் சரிசெய்திருக்கக்கூடிய சில கோளாறுகள் நம் பிள்ளைகளுக்குப் பெரிய வேலையாக வளர்ந்துவிடுகின்றன.

ஏன் 7? பால் பற்கள் மொத்தம் 20. மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். 6 வயதையொட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், வெறும் ஈறாக இருந்த இடத்தில், மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை நிரந்தரப் பற்கள். இவற்றுக்கு வழிவிட்டு எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் பல வீடுகளில் இவை வந்ததே தெரியாது. பிறகு அதில் சொத்தை விழுந்தால் “பால் பல்தானே, விழுந்துடும்” என்று விட்டுவிடுவார்கள். விழாது. அறுபது வயதிலும் சோற்றை மெல்ல வேண்டிய பல் அது. மேல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லின்மீது எந்த இடத்தில் பொருந்தி உட்காருகிறது என்பதைக் கொண்டுதான் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர் 1899இல் பல் வரிசைக் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் மருத்துவர்கள் அந்த வகைப்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

கூடவே, 6 வயதிலிருந்து 8 வயதுக்குள் முன்பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து முளைக்கின்றன. ஆக 7 வயதில் வாயில் இரண்டு தலைமுறைப் பற்களும் சேர்ந்து இருக்கும். பின்னால் நான்கு கடைவாய்ப்பல், முன்னால் சில வெட்டுப்பல், நடுவில் இன்னும் பால் பற்கள். மேல்தாடை முன்னே தள்ளியிருக்கிறதா, கீழ்த்தாடை முந்துகிறதா, மேல்தாடை குறுகலா, வரப்போகும் பற்களுக்கு இடம் இருக்கிறதா என்று மருத்துவர் கணிப்பதற்கு இவ்வளவும் போதும். தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் அதன் போக்கைத் திருத்தவும் முடியும்.

இந்தப் பரிசோதனை என்றவுடன் ஊசியும் மெஷினும் நினைவுக்கு வந்து பிள்ளையைவிட நாம்தான் பயப்படுகிறோம். நாற்காலியில் உட்கார வைத்து, சிறு கண்ணாடியை வாய்க்குள் வைத்துப் பார்ப்பார்கள். பல்லைக் கடிக்கச் சொல்வார்கள், திறக்கச் சொல்வார்கள். கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்ப்பார்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பார்கள். விரல் சூப்புகிறாளா, தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, குறட்டை விடுகிறாளா என்று அம்மாவிடம் கேட்பார்கள். எக்ஸ்ரே எல்லாருக்கும் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் மட்டும் எடுக்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகு நிறையப் பெற்றோர் கேட்கும் பதில், “இப்ப ஒண்ணும் வேண்டாம், ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க” என்பதுதான். அந்தப் பதிலுக்காகவாவது ஒருமுறை போய்வரலாம்.

பால் பல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாயிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. எனக்கு 7 வயதில் கீழ்த்தாடையின் வலது பக்கம் ஒரு பால் கடைவாய்ப்பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிவிட்டது. ராத்திரி முழுக்க அழுதேன். காலையில் அப்பா சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்துப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். பல்லைப் பிடுங்கினார்கள், வலி நின்றது. அந்த நிலைமையில் பிடுங்கியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பிடுங்கிய இடத்தை அப்படியே விடக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் என் வருத்தம். அதன் பின்னால் அப்போதுதான் முளைத்திருந்த நிரந்தரக் கடைவாய்ப்பல், காலியான இடத்தைப் பார்த்து மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்துவிட்டது. நான்கு வருடம் கழித்து அங்கே முளைக்க வேண்டிய பல் வந்தபோது அதற்கு இடம் இல்லை. நாக்குப் பக்கமாகப் பிதுங்கி முளைத்தது. சாப்பிடும்போதெல்லாம் நாக்கில் குத்தும். பிரஷ் எட்டாத அந்தச் சந்தில் சோறு தங்கித் தங்கி அதுவும் சொத்தையாகி, 24 வயதில் அதையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

பால் பல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று மெல்லுவது. இன்னொன்று, தனக்குக் கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பால் கடைவாய்ப் பற்கள் 9 வயதிலிருந்து 12 வயதுக்குள்தான் விழும். அதுவரை அவை வாயில் இருந்தாக வேண்டும். இயற்கை இதில் இன்னொரு ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறது. பால் கடைவாய்ப் பற்கள், அவற்றுக்குப் பதிலாக வரும் சிறு கடைவாய்ப் பற்களைவிட அகலமானவை. அதனால் அவை விழும்போது கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் இடம் மிச்சமாகிறது. நெருக்கியடித்து நிற்கும் முன்பற்கள் நேராவதற்கு அந்த மிச்சம் உதவும். கேட்கச் சின்ன அளவுதான், பல் வரிசையில் அது பெரிய சொத்து. பால் பல்லைக் காலத்துக்கு முன்பே பறிகொடுத்தால் அந்த மிச்சமும் போய், கைமுதலும் போய்விடும்.

சொத்தை சிறியதாக இருக்கும்போதே அடைத்துவிடுவது நல்லது. நரம்பு வரை போய்விட்டால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து உறை போடலாம். “நாளைக்கு விழப்போற பல்லுக்கு ரூட் கெனாலா?” என்று பணம் பறிப்பதாகச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. 6 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பல் இன்னும் ஐந்து வருடம் நிற்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் செலவின் பொருள் புரியும். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்துப் பல்லில் ஒரு வளையமும் அதிலிருந்து நீளும் கம்பியுமாக ‘ஸ்பேஸ் மெயின்டெய்னர்’ என்ற சின்னச் சாதனத்தைப் பொருத்தி இடத்தைக் காப்பாற்றலாம். புதுப் பல் முளைக்கும்போது கழற்றிவிடுவார்கள். இது எல்லாருக்கும் தேவைப்படாது. எந்தப் பல், எந்த வயது, அடியில் இருக்கும் பல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்வார்கள். உங்கள் பிள்ளைக்குப் பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால், “இந்த இடத்தை அப்படியே விடலாமா டாக்டர்?” என்று கேட்டுவிட்டு வாருங்கள். என் அப்பாவுக்கு அப்படிக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வயதில் வாய் பார்க்க அழகாக இருக்காது. கீழ் முன்பல் ஆடத் தொடங்கும் முன்பே அதன் பின்னால் புதுப்பல் எட்டிப் பார்த்து, இரண்டு வரிசையாகத் தெரியும். பால் பல் நன்றாக ஆடுகிறது என்றால் பெரும்பாலும் அதுவே விழுந்து, நாக்கு தள்ளத் தள்ளப் புதுப்பல் முன்னால் வந்துவிடும். ஆடவே இல்லை என்றால் காட்டுங்கள். புதிதாக முளைத்த பல்லின் நுனி ரம்பம் போல் இருப்பது இயல்பு, கடித்து மெல்லத் தேய்ந்துவிடும். பால் பல்லைவிட மஞ்சளாகத் தெரிவதும் இயல்பு. பால் பற்களுக்கு நடுவே சந்து இருந்தால் மகிழ்ச்சி அடையலாம், வரப்போகும் பெரிய பற்களுக்கு அதுதான் இடம். சந்தே இல்லாமல் முத்துக் கோத்தாற்போல் இருக்கும் பால் வரிசையைத்தான் மருத்துவர் சற்றுக் கவனமாகப் பார்ப்பார்.

பிறகு மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே 8, 9 வயதில் தெரியும் அந்த இடைவெளி. இதற்குத்தான் அதிகமான அம்மாக்கள் பதறுகிறார்கள். பற்கள் விசிறி விரித்தாற்போல் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். மேலே தாடைக்குள் இருக்கும் கோரைப்பற்கள் கீழே இறங்கும் வழியில் பக்கத்துப் பற்களின் வேரை அழுத்துவதால் அவை அப்படி விரிகின்றன. கோரைப்பல் 11, 12 வயதில் இறங்கி வந்ததும் இடைவெளி பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். பிராட்பென்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1937இல் இந்தப் பருவத்துக்கு ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ என்று பெயர் வைத்தார். குழந்தைக் கதையில் அந்தக் குஞ்சு பின்னாளில் அன்னமாக மாறும். அவசரப்பட்டு அந்த இடைவெளியைக் கம்பி போட்டு இழுத்து மூடினால், பக்கத்துப் பல்லின் வேர், இறங்கிவரும் கோரைப்பல்லில் மோதிச் சேதமாகலாம்.

இனி, காத்திருக்கக் கூடாதவை. பிள்ளையை “ஈ” என்று பல்லைக் கடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேல்பற்கள் கீழ்ப்பற்களை லேசாக மூடி வெளியே நிற்க வேண்டும், பெட்டிக்கு மூடி போட்டாற்போல். ஒரு மேல் முன்பல் மட்டும் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்தால் அது ஒவ்வொரு கடிக்கும் கீழ்ப்பல்லை முட்டித் தள்ளும். அந்தக் கீழ்ப்பல்லின் ஈறு கீழிறங்கத் தொடங்கும், இரண்டு பல்லும் தேயும். 8 வயதில் கழற்றி மாட்டும் சிறு தட்டுக் கிளிப்பைக் கொண்டு சில மாதங்களில் அதை வெளியே தள்ளிவிடலாம்.

கடைவாய்ப் பக்கம் மேல்வரிசை உள்ளே, கீழ்வரிசை வெளியே என்று மாறியிருந்தால், மேல்தாடை குறுகலாக இருக்கிறது என்று பொருள். பல்லோடு பல் சரியாக உட்காராததால் பிள்ளை கீழ்த்தாடையை ஒரு பக்கம் நகர்த்திக் கடிக்கப் பழகிவிடும். வளரும் வயதில் தினமும் அப்படிக் கடித்தால் தாடையும் ஒரு பக்கமாகவே வளரலாம், முகம் கோணலாகத் தெரியலாம். மேல்தாடை உண்மையில் இரண்டு பாதி, நடுவே ஒரு பொருத்து. சிறுவயதில் அந்தப் பொருத்து இறுகாமல் இருக்கிறது. அண்ணத்தில் திருகு வைத்த சாதனத்தைப் பொருத்தி, மருத்துவர் சொன்ன கணக்கில் வீட்டிலேயே சாவியால் திருகிவந்தால் இரண்டு பாதியும் மெல்ல விலகி நடுவே புது எலும்பு நிரம்பும். 1860இலேயே சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் ஒரு சிறுமிக்கு இதைச் செய்து எழுதியபோது சக மருத்துவர்கள் நம்ப மறுத்தார்கள். இன்று அது அன்றாட வேலை. ஆனால் வளர்ச்சி முடிந்தபின் பொருத்து இறுகிவிட்டால் இதே காரியத்துக்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

கீழ்த்தாடை முன்னே துருத்தி, கீழ்வரிசை முழுவதும் மேல்வரிசைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் உண்டு. அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ அதே முகவாக்கு இருக்கும், அதனால் “எங்க வம்சத்து முகம்” என்று விட்டுவிடுவார்கள். மேல்தாடை வளர்ச்சி பின்தங்கியதால் வந்த கோளாறு என்றால், முகத்தில் மாட்டும் ஒரு சாதனத்தால் மேல்தாடையை முன்னோக்கி இழுக்கலாம். 10 வயதுக்குள் செய்தால் பலன் கூடுதல். பருவ வயதில் கீழ்த்தாடை மீண்டும் முந்தக்கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. அப்படியானாலும் ஆரம்பத்தில் முயன்று பார்த்ததற்கு அர்த்தம் உண்டு.

இரண்டு மேல் முன்பற்களில் ஒன்று முளைத்து ஆறு மாதம் ஆகியும் மற்றது வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எண்ணிக்கையில் சேராத உபரிப் பல் ஒன்று எலும்புக்குள் குறுக்கே நின்று வழியை அடைத்திருக்கலாம்.

எத்துப்பல் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு, இதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது அவசியம். மேல் முன்பற்கள் முன்னே துருத்தியிருக்கும் பிள்ளைக்கு 8 வயதில் ஒருமுறை, 12 வயதில் மறுபடி ஒருமுறை என்று இரண்டு கட்டமாகச் சிகிச்சை செய்வது மேலா, பருவ வயதில் ஒரே கட்டமாகச் செய்வது மேலா என்று பல ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2013இல் அலசியது, 2018இல் புதுப்பித்தது. கடைசியில் கிடைக்கும் பல் வரிசையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. முன்கூட்டிச் செய்வதால் கிடைத்த ஒரே தெளிவான நன்மை, விழுந்து முன்பல் உடைவது குறைந்தது. அது சின்ன நன்மை இல்லை. மேல்பல் 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்துருத்தியிருக்கும் பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கபடி ஆடும், சைக்கிளில் பறக்கும், படிக்கட்டில் ஓடும் பிள்ளை என்றால் யோசிக்கலாம். பள்ளியில் “பல்லா” என்று கூப்பிட்டுக் கேலி செய்து பிள்ளை சிரிப்பதையே நிறுத்திவிட்டான் என்றாலும் யோசிக்கலாம். இரண்டும் இல்லை என்றால் 11, 12 வயது வரை காத்திருப்பதில் தவறில்லை. தாடை வேகமாக வளரும் பருவம் பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் முந்தி வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதனால்தான், 7 வயதில் பார்த்தவுடன் பெரிய தொகையில் ‘பேக்கேஜ்’ சொல்லும் இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: “இப்பச் செய்யலைன்னா என்ன ஆகும்?” தெளிவான பதில் வந்தால் செய்யுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே துறை இருக்கிறது. காத்திருக்கும் நேரம் கூடும், ஆனால் அங்கே பார்ப்பவர்கள் இந்தப் படிப்பைப் படித்தவர்கள். பி.டி.எஸ். முடித்து, மேலும் மூன்று வருடம் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரே ‘ஆர்த்தோடான்டிஸ்ட்’. எலும்பு மருத்துவரான ஆர்த்தோ டாக்டர் வேறு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழு வந்து பார்க்கும்போது பல்லையும் பார்க்கிறார்கள். அவர்கள் ஏதாவது எழுதிக்கொடுத்தால் அந்தச் சீட்டைப் புத்தகப் பையில் தூங்க விடாதீர்கள்.

விரல் சூப்புவது பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான குழந்தைகள் 2லிருந்து 4 வயதுக்குள் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். நிரந்தர முன்பல் வரும் வயதிலும் தொடர்ந்தால் மேல்பல் முன்னே தள்ளும், மேலும் கீழும் சேராமல் நடுவே திறந்து நிற்கும். வேப்பெண்ணெய் தடவுவதும், நாலு பேர் முன்னால் விரலைத் தட்டிவிடுவதும் பிள்ளையை ஒளிந்துகொண்டு சூப்ப வைக்குமே தவிர நிறுத்தாது. தூக்கம் வரும்போதா, பயப்படும்போதா, எப்போது விரல் வாய்க்குப் போகிறது என்று கவனித்து அந்த நேரத்தில் கூட இருங்கள். பழக்கம் சீக்கிரம் நின்றால் திறந்த இடம் பல நேரம் தானாகவே மூடும். எப்போதும் வாய் திறந்து மூச்சுவிடும், குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். அவளை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் மகளை நான் 7 வயதில் கூட்டிப்போனேன். ஒரு பால் பல்லில் சிறு சொத்தை, அடைத்தார்கள். வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் போய்வருகிறோம். இந்த மே மாதம் அவளுக்கு 10 வயது. மருத்துவர் கையுறை போட்ட சுட்டுவிரலால் மேல் ஈறை, பால் கோரைப்பல்லுக்கு மேலே, உதட்டுப் பக்கமாகத் தடவிப் பார்த்தார். இந்த வயதில் உள்ளே இறங்கிவரும் கோரைப்பல் அங்கே ஒரு மேடாகத் தட்டுப்பட வேண்டுமாம். சிலருக்கு அது வழிதவறி அண்ணத்தின் பக்கம் போய்ச் சிக்கிக்கொள்ளும். முன்கூட்டித் தெரிந்தால் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டே அதைத் திருப்ப முடியும். 1988இல் சுவீடனின் எரிக்சனும் குரோலும் 10லிருந்து 13 வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்து பார்த்ததில், வழிதவறிய 46 கோரைப்பற்களில் 36 தாமாகச் சரியான பாதைக்குத் திரும்பின. 15 வயதில் தெரிந்தால் ஈறைக் கீறி, பல்லில் சங்கிலி கட்டி, மாதக்கணக்கில் இழுக்க வேண்டும்.

மருத்துவர் என் விரலையும் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். இடது பக்கம் நன்றாகத் தட்டுப்பட்டது, துவரம்பருப்பு அளவு மேடு. வலது பக்கம் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அப்போதும் தட்டுப்படவில்லை என்றால் எக்ஸ்ரே. நவம்பர் மாதக் காலண்டர் தாளில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.